மழைக்காலக் கன்றுக் கழிச்சல்: தண்ணீரை நிறுத்தாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. கொட்டகைத் தரை இனி மார்கழி வரை சரியாகக் காயாது. இளங்கன்றுகளுக்குக் கழிச்சல் வரும் காலம் இதுதான். போன மழையில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிவந்த கன்றுகளில் பல, கண் குழிந்து, வாய் சில்லிட்ட பிறகே வந்து சேர்ந்தன. “தண்ணி குடுத்தா இன்னும் கழியும்னு நிறுத்திட்டோம் சார்” என்றார்கள். கழிச்சலைவிட அந்த நிறுத்தல்தான் கன்றைக் கொன்றது.

இப்போதே செய்ய வேண்டியவை:

• கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், பல தவணையாக. ஒரு நாள் கடந்தால் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி குடல் வழியாக உடம்பில் ஏறாது.
• தொப்புளில் டிங்சர் அயோடின்.
• கன்றுக்குக் காய்ந்த வைக்கோல் படுக்கை. நனைந்தால் உடனே மாற்றுங்கள்.
• ஊட்டவிடும் முன் மடியைக் கழுவித் துடையுங்கள்.
• குடற்புழு மருந்து மருத்துவர் சொல்லும் நாளில், சொல்லும் அளவில்.

கழிச்சல் கண்டால்:

கன்றைத் தனியே கட்டுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். வழக்கமான அளவையே சிறிது சிறிதாக, நான்கைந்து வேளையாகக் கொடுங்கள். பால் இல்லாவிட்டால் கன்றுக்குத் தெம்பு ஏது?

இரண்டு பாலுக்கு நடுவில் உப்புக் கரைசல். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். வேளைக்கு ஒரு லிட்டர், நாளைக்கு மூன்று நான்கு வேளை. பாலோடு கலக்காதீர்கள், பால் வயிற்றில் திரையாது. இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

சர்க்கரை, வெல்லம், கஞ்சித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இளங்கன்றின் குடலுக்கு இவற்றைச் செரிக்கத் தெரியாது, கழிச்சல் கூடும். ஓஆர்எஸ்ஸில் இருப்பது குளுக்கோஸ், அதைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மனிதருக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையும் கூடாது.

மறுபடியும் சொல்கிறேன், தண்ணீரை நிறுத்தாதீர்கள்: கழிச்சலில் ஒரே நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை தண்ணீராக வெளியேறிவிடும். 30 கிலோ கன்றுக்கு அது மூன்று லிட்டர். போனதைத் திருப்பிக் கொடுக்காமல், கழிச்சல் தானாக நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பது வைத்தியம் அல்ல, அலட்சியம். காளைக்கன்றுதானே என்று விடுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்:

• கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு நொடிக்குள் பழையபடி படியாமல் நிற்பது
• சப்ப மறுப்பது, எழ முடியாமல் கிடப்பது, காதும் வாயும் சில்லிடுவது
• சாணியில் இரத்தம், அல்லது காய்ச்சல்

சப்ப முடியாத கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். இரத்தக்குழாய் வழி மருந்து தேவைப்படும் நிலை அது. கால்நடை உதவி எண் 1962-ஐ அழையுங்கள் அல்லது மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். ‘காலையில் பார்க்கலாம்’ என்று விட்ட கன்று காலையில் இருக்காது.

கழிச்சல் கன்றைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்; குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

நான்கு ஓஆர்எஸ் பொட்டலம் இன்றைக்கே வாங்கி வையுங்கள். கழிச்சல் கண்ட பிறகு கடைக்கு ஓடாதீர்கள்.