ஒரு தளம், இரு வண்ணம்

இணையதளத்துக்கு வெளிர் தோற்றம், இருண்ட தோற்றம் என இரண்டு தீம் அமைத்துத் தரும்படி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றிவிட்டால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்ற அபிப்பிராயத்தோடுதான் வருகிறார்கள். பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் தளம் அமைப்பதையே ஜீவனமாகக் கொண்ட நான் அநுபவத்தில் தெளிந்தது, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு நிறமும் என்ன தொழில் செய்கிறது என்று முதலில் நிச்சயித்துக்கொண்டு, அந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்து, பிறகு அந்தப் பெயருக்குப் பகலில் ஒரு நிறத்தையும் இரவில் ஒரு நிறத்தையும் நியமிப்பதே சரியான வழி என்பது. இதற்குக் கருவியாக வாய்த்தது சி.எஸ்.எஸ். வேரியபிள்.

சாஸ் போன்ற துணைமொழிகளில் வேரியபிள் முன்பே உண்டு. ஆனால் அவை கோப்பைத் தயாரிக்கும்போதே கரைந்து, வெறும் நிற எண்களாக மாறிவிடுவதால், வாசகரின் பிரௌசருக்கு அவற்றின் வாசனைகூடத் தெரியாது. சி.எஸ்.எஸ். வேரியபிளோ பக்கம் திறந்திருக்கும்போதும் உயிரோடு இருப்பது. அதன் மதிப்பை ஓரிடத்தில் மாற்றினால், அதைப் பிரயோகித்த இடமெல்லாம் அந்தக் கணமே மாறும். 2014-இல் ஃபயர்பாக்ஸும், 2016 மார்ச்சில் குரோமும் சஃபாரியும், 2017-இல் எட்ஜும் இதை ஏற்றுக்கொண்டன. 2018-இல் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளிலும், 2019-இல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் கைபேசிகளிலும் டார்க் மோடைக் கொண்டுவந்தபோது, வாசகர் தம் சாதனத்தில் எதை விரும்பியிருக்கிறார் என்று பக்கமே கேட்டறியும் மீடியா குவெரியும் அந்த 2019-ஆம் ஆண்டிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றிலும் வந்து சேர்ந்தது.

இரண்டு சிறு கோடுகளில் தொடங்க வேண்டும் என்பதே வேரியபிள் பெயருக்குரிய முக்கியமான விதி. அதன்பின் தமிழ் எழுத்தையே வைத்தாலும் பிரௌசர் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். தமிழ்த் தளங்களில் நான் --பின்னணி, --எழுத்து, --துணையெழுத்து, --கோடு, --சுட்டி என்றே எழுதுகிறேன். பிற்பாடு அந்தக் கோப்பைத் திறக்கிற பத்திரிகை அலுவலகத்து இளைஞர் யாருடைய விளக்கமும் இல்லாமல் விஷயத்தைப் புரிந்துகொள்கிறார். --வெள்ளை என்றோ --கருநீலம் என்றோ பெயரிடுவது, இருண்ட தீமில் வெள்ளை என்ற பெயருக்குக் கறுப்பைக் கொடுக்க வேண்டிய விபரீதத்தில் முடியும் என்பதால், நிறப்பெயர்களை நான் ஓர் அடித்தளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அடித்தளத்தில் இணையதளத்துக்குரிய நிறங்கள் யாவும் தத்தம் நிறப்பெயரோடு இருக்கும். அதன்மேல் தொழிற்பெயர்கள் அந்த நிறங்களைச் சுட்டி நிற்கும். பக்கத்தின் உறுப்புகள் தொழிற்பெயர்களை மட்டுமே அறியும். தீம் மாறும்போது மாறுவது நடுவிலுள்ள இந்தத் தொழிற்பெயர் அடுக்கு ஒன்றுதான்.

இந்தப் பாகுபாடு ஏன் அவசியம் என்பதைச் சாம்பல் நிறம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால் பிரத்தியட்சமாக விளங்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள பிரகாச விகிதம், சாதாரண அளவுள்ள எழுத்துக்கு 4.5-க்குக் குறையக்கூடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட அணுகல் நியமம். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற சாம்பல் 4.48 பெற்று மயிரிழையில் தோற்கிறது. ஒரு படி கருமையான 767676 என்பது 4.54 பெற்றுத் தேறுகிறது. கட்டுரையின் தேதிக்கும் படங்களின் அடிக்குறிப்புக்கும் பலர் பயன்படுத்துகிற சாம்பல் இதுவே. இதனை, கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி இருண்ட பின்னணிக்குப் பரிந்துரைத்த 121212 என்ற கருஞ்சாம்பலின்மேல் வைத்தால், விகிதம் சுமார் 4.1 ஆக இறங்கி, பகலில் தேறிய அதே நிறம் இரவில் தவறிப்போகிறது. சற்று வெளுத்த 999999 என்பதை எடுத்தால் இருளில் 6.5-க்கு மேல் பெறும். வெள்ளையிலோ 3-கூடத் தேறாது. கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால், இந்த இரு பின்னணிகளிலும் ஒருசேர 4.5 பெறக்கூடிய சாம்பல் உலகத்திலேயே கிடையாது என்று தெரியவரும். ஆகவே --துணையெழுத்து என்பதற்கு இரண்டு மதிப்புகள் வைப்பது கலைஞனின் இஷ்டத்தைப் பொறுத்ததன்று. கணிதமே விதிக்கும் நிர்ப்பந்தம் அது.

தமிழ் எழுத்துக்கு இந்த நியமம் இன்னும் கடுமையாகவே பொருந்த வேண்டும் என்று நான் கருதுகிறேன். நம் மெய்யெழுத்தின் உயிரே தலையிலுள்ள அந்தச் சிறு புள்ளியில் இருக்கிறது. வெளிறிய சாம்பலில் சிறிய எழுத்தாக அச்சிட்டால், எழுத்தின் உடல் கண்ணுக்குத் தெரியும்போதே புள்ளி மறைந்து, ‘பட்டு’ ‘படடு’வாகிப் படிப்பவரைத் தடுக்கி நிறுத்துகிறது. இருண்ட பின்னணியில் வேறு விதமான சங்கடம். வெண்மை தன் எல்லையைத் தாண்டிப் பரவுவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவது இயல்பாதலால், ண, ணை, ஞ முதலிய எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு, வரியே தடித்துவிட்டதாகப் படுகிறது. இதற்கு நான் கைக்கொள்ளும் உபாயம் மிக எளிது. வேரியபிளில் நிறம் மட்டும்தான் இருக்கவேண்டும் என்று நியதி இல்லை. எழுத்தின் கனத்தையும் --கனம் என்று ஒரு பெயரில் வைத்து, வெளிர் தீமில் 400 என்றும் இருண்ட தீமில் 350 என்றும் கொடுத்துவிடுகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ் போல, 100 முதல் 900 வரை எந்தக் கனமும் தரவல்ல வேரியபிள் ஃபான்ட் இருந்தால் இது நன்றாகப் பலிக்கும். முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் எதிரெதிரே நிறுத்தாமல் இரண்டையும் சற்றுத் தணித்து வைப்பதும் சுழிகளைக் காப்பாற்றும்.

பெயரிடுவதில் கவனமாக இருப்பவர்களும் அகப்பட்டுக்கொள்கிற ஒரு நுட்பம் உண்டு. தளத்தின் உச்சியில், அதாவது ரூட்டில், --கோடு என்று ஒரு நிறமும், அந்நிறத்தைச் சேர்த்து ஒரு பிக்சல் தடிமனுள்ள --சட்டம் என்று மற்றொரு வேரியபிளும் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பகலிலும் இருண்டே நிற்க வேண்டிய சந்தாப் பெட்டி ஒன்றுக்குள் --கோடு என்பதை மாத்திரம் மாற்றினால், --சட்டமும் மாறும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் அது மாறாது. ஏனெனில் --சட்டம் எங்கே எழுதப்பட்டதோ அங்கேயே அதன் மதிப்பு கணக்கிடப்பட்டு, முடிந்த மதிப்பாகவே கீழே இறங்கி வருகிறது. கூட்டு வேரியபிள்களைப் பெட்டிக்கும் ரூட்டுக்கும் பொதுவான ஒரு செலக்டரின் கீழ் எழுதிவிடுவதே இதற்குப் பரிகாரம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிரௌசர் குறை சொல்லாது. முந்தைய வரியில் காப்பாக வேறு நிறம் கொடுத்திருந்தாலும் அதற்குத் திரும்பாமல், பின்னணியைக் கண்ணாடிபோல் ஒளிபுகச் செய்துவிட்டு மௌனமாக இருக்கும். காப்பு நிறத்தை வார் என்னும் ஃபங்ஷனுக்குள்ளேயே, கமாவுக்குப் பின் எழுதுவதுதான் பாதுகாப்பு.

இனி, வாசகரின் விருப்பம். கண்புரை உள்ள மூத்த வாசகர் ஒருவர், “தம்பி, வெள்ளைப் பக்கம் ரொம்பக் கூசுது, கறுப்புல குடுத்தா இன்னும் அரை மணி படிப்பேன்” என்று என்னிடம் சொன்னார். அஸ்டிக்மாட்டிசம் என்னும் பார்வைக் குறையுள்ளவர்களில் பலர் இதற்கு மாறாக, கறுப்பின்மேல் வெள்ளெழுத்து கலங்கித் தெரிவதாகச் சொல்வார்கள். ஆகவே, இன்ன வேளையில் இன்ன தீம் என்று தீர்மானிக்கத் தளத்தின் சொந்தக்காரருக்கு அதிகாரம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பகல், இரவு என்று இரண்டே நிலையுள்ள பொத்தானைவிட, ‘சாதனத்தின்படி’ என்ற மூன்றாவது நிலையும் உள்ளதே நியாயமானது. இல்லையேல் ஒரு முறை பொத்தானைத் தொட்ட வாசகர், பிறகு தம் கைபேசியில் என்ன மாற்றம் செய்தாலும் அந்தத் தளம் செவிசாய்க்காது. தேர்ந்ததை லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்து, அடுத்த முறை பக்கம் வரையப்படுவதற்கு முன்பே ஹெட் பகுதியில் உள்ள சிறு ஸ்கிரிப்ட் அதனைப் படித்து, எச்.டி.எம்.எல். உறுப்பின்மேல் குறித்துவிட வேண்டும். அந்த ஸ்கிரிப்டைப் பக்கத்தின் அடியில் வைத்தாலோ, தனிக் கோப்பாக்கித் தாமதமாக ஏற்றினாலோ, நள்ளிரவில் இருட்டறையில் படிப்பவர் முகத்தில் ஒரு கணம் வெள்ளைப் பக்கம் பளீரென்று அடித்துவிட்டுத்தான் இருளும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலர்-ஸ்கீம் என்ற பண்பை எழுதாவிட்டால், பக்கம் இருண்டபின்னும் ஸ்குரோல் பாரும் படிவங்களின் பெட்டிகளும் வெள்ளையாகவே துருத்திக்கொண்டிருக்கும். இருளில் நிழல் எடுபடாததால், மேலே மிதக்கிற பெட்டியைக் காட்ட அதன் பின்னணியைச் சற்று வெளுக்கச் செய்ய வேண்டும். புகைப்படங்களைக் கொஞ்சம் மங்கவைக்கலாம். ஓவியங்களைத் தொடாமல் விடுவதே ஓவியருக்குச் செய்யும் மரியாதை. அச்செடுக்கும்போது மட்டும் வெளிர் தீமின் மதிப்புகளே வருமாறு பிரின்ட் மீடியாவில் எழுதிவிட்டால், வெளுத்த எழுத்து வெள்ளைத் தாளில் கரைந்துபோகாது.

சாதனத்தின் விருப்பத்துக்கு ஒரு முறை, பொத்தானுக்கு ஒரு முறை என்று இருண்ட மதிப்புகளை இரண்டு இடங்களில் எழுத வேண்டியிருந்த சிரமம், 2024 மே மாதத்தோடு பிரதான பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்ட லைட்-டார்க் என்னும் ஃபங்ஷனால் நீங்கியிருக்கிறது. ஒரே வரியில் பகல் நிறத்தையும் இரவு நிறத்தையும் அருகருகே எழுதிவிட்டால், கலர்-ஸ்கீமைப் பார்த்துப் பிரௌசரே உரியதைத் தேர்ந்துகொள்ளும். நிறங்களுக்கு இது மிகவும் வசதி. --கனம் போன்ற எண்களுக்குப் பழைய வழிதான். எனினும், பல ஆண்டு பழைய கைபேசியிலேயே படிக்கும் வாசகர்கள் தமிழ்ப் பத்திரிகைத் தளங்களுக்குக் கணிசமாக உண்டு என்பதால், நான் இன்னமும் இரண்டு இடங்களில் எழுதுகிற முறையையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, புதிய ஃபங்ஷனை சப்போர்ட்ஸ் விதியின் உள்ளே மட்டும் பிரயோகித்து வருகிறேன்.