வீட்டுக்கும் விளைக்கும் காவல்

நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழி. அங்கே மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாயின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு நீண்ட அரண் அமைத்து, பீரங்கிகளுடன் காவல் வைத்திருந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தபோது, 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை அங்கு வந்தது. அப்படை வாசலில் மோதவில்லை. மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு பிரிவுடன் தெற்கேயுள்ள செங்குத்தான மலையில் இரவோடு இரவாக ஏறி, அரணின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அரண் முழுவதும் அவர்கள் வசமாயிற்று.

நம் வீடுகளின் கதையும் இதுதான். முன்வாசலுக்குத் தேக்குக் கதவும் பெரிய பூட்டும் போடுகிறோம். அடுக்களைக் கதவுக்கோ பழைய பலகையும் ஒரு கொண்டியும்! ஆகவே காவலை ஆராய விரும்புகிறவர், திருடன் எப்படிப் பார்ப்பானோ அப்படித் தம் வீட்டைப் பகலில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டு வீடானால் ஓட்டைப் பிரித்து இறங்கலாம். மச்சுப் பலகை இருந்தால் அது எளிதல்ல. கூரையின் மேல் சாய்ந்த மரக்கிளையும், வெளியே கிடக்கும் ஏணியும், கடப்பாரையும் நாமே திருடனுக்கு எடுத்து வைத்த கருவிகள். கிளையை வெட்டி, மற்றவற்றை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்தது, எது போனால் எவ்வளவு நட்டம், அது போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு வாழைக்குலை போனால் வருத்தம்தான். உலர்த்திய ரப்பர் ஷீட் மொத்தமும் போனால் அந்த மாதச் செலவுக்கே வழியிராது. எனவே ஷீட்டைப் புகைப்புரையில் சேர்த்துக்கொண்டே போகாமல் அவ்வப்போது விற்றுவிடுவது நல்லது. நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் பீரோவைக் காக்கும் கவலை பாதி தீர்ந்தது. கேமரா வைக்கலாம், ஆனால் மின்சாரம் போனால் அதற்கும் கண் மூடிவிடும். நாய் போதும் என்பார் சிலர். எல்லாரிடமும் வாலாட்டும் நாய்களும் உண்டு!

பன்றிக்கும் திருடனுக்கும் பயந்து வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைக்கிறார்கள் சிலர். இது சட்டப்படி குற்றம். விடியற்காலையில் பால்வெட்ட வருகிறவரோ, பந்து தேடி வரும் சிறுவனோ தொட்டாலும் உயிர் போகும். வாழைக்குலைக்காக ஓர் உயிரா?

நம் மாவட்டத்தில் தந்தையர் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளுமாக, விளை நடுவே தனித்திருக்கும் வீடுகள் எத்தனை! இவர்களுக்குக் கையாலையின் உயரத்தைவிட, கூப்பிட்டால் ஓடிவரும் அயல்வீட்டார் பெருந்துணை. ஊருக்குப் போகும்போது அவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகலாம். பயணப் படங்களைத் திரும்பி வந்தபின் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம். இரவில் சத்தம் கேட்டால் தனியாகக் கதவைத் திறந்து பார்க்கவே கூடாது. விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்து, 112-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணையும் அயல்வீட்டு எண்ணையும் பாட்டி கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி, தொலைபேசி வைக்கும் இடத்திற்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.