வாயுவை உட்கொள்ளும் உலோகம்

உலோகத்தினுள் வாயு புகாதென்பது பொதுவான எண்ணம். பல்லேடியம் இதற்கு விலக்காகும். அது தன் பருமனைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ள வல்லது. இவ்வியல்பை 1866-ஆம் ஆண்டில் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியலறிஞர் கண்டறிந்தார்.

ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆயது. பல்லேடியத்தின் மேற்பரப்பை அடைந்ததும் அவ்விரண்டும் பிரிகின்றன. பின்னர் உலோக அணுக்களின் இடைவெளிகளிற் புகுந்து தங்குகின்றன. அதனால் உலோகம் பருக்கின்றது. அதன் மின்தடையும் மிகுகின்றது.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமுமில்லை. அது கசிந்து காற்றுடன் கலந்தால், சிறு பொறியும் பெருவெடிப்பை விளைவிக்கும். ஆதலின், கண்ணாடி போன்ற தளத்தில் மெல்லிய பல்லேடியப் படலத்தைப் படியவைத்துக் கசிவறியும் கருவி அமைக்கின்றனர். படலம் மெல்லியதாதலின் வாயு விரைந்து உட்புகும். மின்தடையின் மாற்றம் ஆபத்தை அறிவிக்கும். பன்முறை பருத்துச் சுருங்கினால் படலம் விரிசலுறுமாதலால், நிக்கல் கலந்து அதனை உறுதிப்படுத்துவர். இங்ஙனம், கட்புலனாகா இடர் முன்னரே வெளிப்பட்டு, மக்களின் உயிர் காக்கப்படுகின்றது.