கிட்னி பிரச்னையா? சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

'மட்டனைத்தானே குறைச்சுக்கச் சொன்னாங்க... சிக்கன் சாசேஜ் ரெண்டு சாப்பிட்டா என்ன ஆகிடும்?'

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த சாசேஜ், சலாமி, ஹாம், நக்கெட்ஸ் எல்லாம் மெள்ள அப்பாவின் தட்டுக்கும் வந்துவிடுகின்றன. கோழியோ, ஆடோ... இறைச்சி எதுவானாலும் சரி, அது கெடாமலும் மெத்தென்றும் இருக்கச் சேர்க்கிறார்களே, அந்தச் சமாசாரங்கள்தான் கிட்னிக்கு வில்லன்!

உப்பு

கிட்னி நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே நல்லது. அதாவது, மொத்தமாக 5 கிராம் உப்பு. ஒரு டீஸ்பூன்தான்! 100 கிராம் சாசேஜில் 700 முதல் 1,000 மில்லிகிராம் சோடியம் இருப்பது சகஜம். பாதி கோட்டா அதிலேயே காலியானால், சாம்பார், ரசத்துக்கு என்ன மிச்சம்? உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, மிச்சமிருக்கும் கிட்னியின் சக்தியும் வேகமாகக் குறையும்.

'வேகவெச்சு தண்ணியைக் கொட்டிட்டா?' கொஞ்சம் உப்பு போகும். முழுசாகப் போகாது.

பாஸ்பேட்

உப்பையாவது நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். பாஸ்பேட்டுக்கு ருசியே தெரியாது. சாதாரண உணவிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். பாக்கெட் உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ அநேகமாக முழுவதும் சேர்ந்துவிடும். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. விளைவு? தோலில் அரிப்பு, எலும்பில் பலவீனம், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு. கடைசியில் இதயத்துக்கே ஆபத்து.

பாக்கெட்டின் பின்னால் பாருங்கள்

பொடி எழுத்துகளில் எண்கள் இருக்கும்.

* 339, 340, 341, 450, 451, 452: பாஸ்பேட் வகைகள்.

* 326, 340, 508: பொட்டாசியம் கலந்தவை. 'சோடியம் குறைவு' என்று போட்டிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

* 250, 251: நைட்ரைட், நைட்ரேட். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது.

அப்ப என்னதான் சாப்பிடுறது?

அசைவமே கூடாது என்பதில்லை. அன்று வாங்கிய கோழியையோ மீனையோ இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, உப்பைக் குறைத்துச் சமையுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு நல்ல புரதம். பாஸ்பரஸ் மிகக் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் உப்பு மூட்டைகள். அவற்றுக்கும் விடை கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பயந்துபோய்ப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை, மற்றவர்களுக்கு அளவாக. உங்களுக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுடன் டாக்டரிடமோ, டயட்டீஷியனிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.