கூந்தன்குளத்துச் சஃபாரி

‘சஃபாரி’ என்றதும் ஆப்பிரிக்கச் சமவெளியில் ஜீப்பில் அமர்ந்து சிங்கத்தைக் காணும் செல்வர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அப்படியாயின், நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் செல்வதும் சஃபாரிதானே!

தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் அணைநீர் கால்வாய் வழியே வந்து இக்குளத்தை நிரப்புகிறது. 1994-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்குக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இந்நாரை இரை தேடும் விதம் வியப்புக்குரியது. அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. பாதி திறந்த அலகைக் கலங்கல் நீரில் அமிழ்த்தித் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென மூடிக்கொள்ளும். வெயில் ஏறினால் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். ஆகவே, புகைப்பட ஆசையில் நெருங்கிச் சென்று அதை விரட்டுவது குஞ்சை வெயிலுக்கும் முட்டையைக் காக்கைக்கும் கொடுப்பதாகும்.

செரெங்கெட்டியில் பார்ப்பவர் வண்டிக்குள் இருப்பர். விலங்கு வெளியே திரியும். கூந்தன்குளத்திலோ வீட்டருகு மரத்திலேயே கூடு. எச்ச நாற்றத்தை நம் விடுதி மாணவர் ஒரு நாள் தாங்குவாரா என்பது ஐயமே! ஊரார் தாங்குகின்றனர். தீபாவளிக்கும் வேட்டு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். எச்சம் கலந்த வண்டல் அவர்தம் வயலுக்கு உரமாகிறது.

குளம் வறண்ட ஆண்டுகளில் பறவைகள் வருவது குறைந்துவிடும். நீர் இருக்கும் ஆண்டில், ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே, விடியற்காலையில் செல்வதே நல்லது.