ஈடு என்னும் சொல்லும் பழைய குளிர்வாயுவும்

முன்னுரை

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை நாஞ்சில் நாட்டார் நாளிதழில் நாள்தோறும் பார்ப்பர். நாற்பத்தெட்டு அடி நிரம்பினால் தோவாளை, அகத்தீசுவரம் வயல்கள் விளையும்; குறைந்தால் உழவர் முகம் வாடும். மூலம் திருநாள் மன்னர் ஆட்சியில் திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே எழுப்பி, 1906-ஆம் ஆண்டில் நிறைவு செய்த அணை இது. இதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணையின் அருகிலேயே உள்ளது. தேக்குதல், அளத்தல், தேவையறிந்து திறத்தல் ஆகிய மூன்றையும் நூறாண்டுகளுக்கு மேலாக நமக்குக் கற்பித்து வருவது இவ்வணை.

காணி மக்களின் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டும் பொருட்டு நம் துறை மாணவர்களுடன் பேச்சிப்பாறைக்குச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் குலசேகரத்தில் வண்டி பழுதாக, அருகிலிருந்த ஒரு சிறு கடையின் நிழலில் ஒதுங்கினோம். அது குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை. முதிய தொழிலாளர் ஒருவர் பழைய பெட்டி ஒன்றின் பின்புறக் குழாயை நறுக்கினார். சீறிய ஒலி சில நொடிகள் கேட்டு அடங்கியது. நிறமில்லை, மணமில்லை, ஒன்றும் நடந்ததாகவே தோன்றவில்லை. "இதைப் பிடித்து வைக்கலாகாதா?" என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். "புடிச்சு வச்சா யாரு சாரே வாங்குவா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

குளிர்வாயுவின் வரலாறு

குளிர்சாதனப் பெட்டி குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அவ்வேலையைச் செய்யும் சுமைகூலியே குளிர்வாயு. கம்ப்ரசர் அதனை அழுத்தும். பின்புறச் சுருள் குழாயில் அது வெப்பத்தை இழந்து நீர்மமாகும். நுண்குழாய் வழியே உட்புகுந்து மீண்டும் ஆவியாகும்போது பெட்டியினுள் உள்ள வெப்பத்தை உறிஞ்சும். குழாயில் கசிவு இல்லாத வரை அதே வாயு பல்லாண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும்.

தொடக்கத்தில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு முதலியன இதற்குப் பயன்பட்டன. அவை நச்சுத் தன்மை உடையவை. அதனால் 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரின் குழுவினர் குளோரோஃபுளுரோகார்பன் வகை வாயுவைக் கண்டனர். அது தீப்பற்றாது, மூச்சைத் திணறடிக்காது, எதனோடும் எளிதில் வினைபுரியாது. தொழிலாளர் வழக்கில் 'ஆர்-12' எனப்படுவது இவ்வகையினதே. எதனோடும் சேராத அந்நற்குணமே பின்னர்த் தீக்குணமாயிற்று. தரையில் சிதையாத அவ்வாயு மெல்ல மேலேறி, வான் அடுக்கில் கதிரவனின் புறஊதாக் கதிர்பட்டு உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கிறது என்பதை 1974-இல் மொலினா, ரௌலண்ட் ஆகிய இருவரும் எடுத்துரைத்தனர். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதை 1985-இல் பிரித்தானிய ஆய்வாளர் மெய்ப்பித்தனர். 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நம் நாட்டில் இவ்வாயுக்களை உருவாக்கிய நான்கு நிறுவனங்களுள் ஒன்று மேட்டூரில் இயங்கியது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்கென ஒப்பந்தத்தின் பன்னாட்டு நிதியம் 1999-இல் இந்தியாவிற்கு 8 கோடியே 20 லட்சம் டாலர் வழங்க இசைந்தது. 2003 முதல் புதிய பெட்டிகளில் ஆர்-12 இடுவது தடைசெய்யப்பட்டது. 2008 ஆகஸ்ட் முதல் நாளோடு அதன் உற்பத்தியையே இந்தியா நிறுத்தியது.

ஆயினும் உற்பத்தி நின்றதால் உற்பத்தியான வாயு மறைந்துவிடவில்லை. பழைய பெட்டிகளிலும், கிடங்கு உருளைகளிலும், பெட்டிச் சுவரின் நுரைப்பஞ்சிலும் எஞ்சியது தங்கியிருக்கிறது. ஒப்பந்தம் புதிதாய் உருவாக்குவதைத் தடுத்ததேயன்றி, முன்னரே உருவானதைத் திரட்டி அழிக்குமாறு எந்நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. நாம் கேட்ட சீறொலி அவ்விடைவெளியின் ஒலியாகும்.

ஒரு பெட்டியின் கணக்கு

இவ்வாயுக்கள் ஓசோனைக் கெடுப்பதோடு நில்லாமல் புவியையும் சூடாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-12 ஏறத்தாழ 10,200 கிலோ கார்பன் டைஆக்சைடு செய்யும் வெப்பத்தைச் செய்யும். இதற்குப் புவி வெப்பமாக்கும் திறன் என்று பெயர். ஆர்-22 வாயுவிற்கு இது ஏறத்தாழ 1,760. அதன்பின் வந்த ஆர்-134ஏ வாயுவிற்கு 1,300. பின்னது ஓசோனைக் கெடுக்காது எனினும் புவியைச் சூடாக்குவதில் பின்னிடவில்லை.

ஒரு வீட்டுப் பெட்டியில் 150 கிராம் ஆர்-12 இருப்பதாகக் கொள்வோம். அது வெளியேறினால் 1,530 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். 650 லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரித்தால் வரும் புகையை ஒத்தது இது. குலசேகரத்துக் கடையில் சில நொடிகளில் அடங்கிய ஒலியின் எடை இவ்வளவு.

அழிக்கும் முறை

எளிதில் சிதையாத பொருளை அழிக்கப் பெருவெப்பம் வேண்டும். ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மூலக்கூறு உடையும். அப்போது பிறக்கும் அமில வாயுக்களைச் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளால் தணிக்க வேண்டும். உள்ளிட்ட வாயுவில் 99.99 விழுக்காடு அழிய வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் வல்லுநர் குழு வகுத்த அளவு.

சிமெண்ட் சூளையில் இவ்விரண்டும் இயல்பாகவே அமைந்துள்ளன. அங்கு 1,450 டிகிரி வரை வெப்பம் உண்டு. சுண்ணாம்பும் நிறைய உண்டு. இந்தியச் சிமெண்ட் சூளை ஒன்றில் இவ்வாயுக்களை எரித்து நடத்திய சோதனையின் வெற்றி 2014-இல் ஆய்விதழில் வெளியாயிற்று. நெல்லைத் தாழையூத்து முதல் அரியலூர் வரை சிமெண்ட் ஆலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. உரிய சோதனையும் அரசின் இசைவும் பெற்றால் அழிக்கும் இடத்திற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

கார்பன் ஈடு

இனி, அம்முதியவரின் வினாவிற்கு வருவோம். பிடித்து வைத்தால் வாங்குவோர் உலகில் உளர். ஒரு டன் கார்பன் டைஆக்சைடுக்கு நிகரான வாயு வெளியேறாமல் தடுத்தவருக்கு ஒரு வரவுச் சான்று வழங்கப்படும். தம் புகையை முழுதும் குறைக்க இயலாத நிறுவனம் அச்சான்றை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் நேர்செய்துகொள்ளும். இதுவே கார்பன் ஈடு. பழைய குளிர்வாயுக்களை அழிப்பதற்கான கணக்கு விதிகளை அமெரிக்காவின் கிளைமேட் ஆக்ஷன் ரிசர்வ் என்னும் பதிவகம் 2010-இல் வெளியிட்டது. வளரும் நாடுகளிலிருந்து கொணர்ந்த வாயுவிற்கும் அதில் தனி விதி உண்டு. வெர்ரா என்னும் பதிவகமும் இத்தகைய விதியை வகுத்துள்ளது.

ஈடு என்னும் தமிழ்ச்சொல் இவ்விடத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஈடு என்பதற்கு ஒப்பு என்பது ஒரு பொருள்; அடமானமாக வைக்கும் பொருள் என்பது மற்றொரு பொருள். இரண்டிலும் எடைக்கு எடை நிகராதல் என்னும் கருத்தே அடிப்படை. நிகராகாத பொருள் ஈடாகாது. ஆகவே ஒவ்வொரு சான்றையும் மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும்.

முதல் வினா: அழித்தது மீளுமா? மரம் நட்டுப் பெறும் ஈட்டில் இவ்வச்சம் உண்டு. பேச்சிப்பாறையைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். பால் வற்றிய மரம் வெட்டப்பட்டு விறகாகும்போது அதில் தங்கிய கார்பனும் விடுபடும். எரித்து உடைத்த ஆர்-12 மீளாது. இச்சோதனையில் குளிர்வாயு வெல்கிறது.

இரண்டாம் வினா: பணம் தராவிடினும் அது நடந்திருக்குமா? சட்டமே அழிக்கச் சொல்லியிருந்தால், கடமையைச் செய்ததற்குச் சான்று கேட்பது முறையாகாது. கட்டாயமும் இல்லை, வாங்குவாரும் இல்லை என்னும் நிலையில் வாயு காற்றிலேயே கலக்கும். அந்நிலையில் அழிப்பு உண்மையான ஈடாகும்.

மூன்றாம் வினா: ஈட்டிற்காகவே அப்பொருளை மேலும் உண்டாக்க இயலுமா? மூன்றனுள் தலையாயது இதுவே. இதற்கு உலகம் விலை கொடுத்துப் பாடம் கற்றுள்ளது.

முன்னர்க் கற்ற பாடம்

ஆர்-22 வாயுவை உருவாக்கும்போது ஆர்-23 என்னும் கழிவு வாயு உடன் பிறக்கும். அதன் வெப்பமாக்கும் திறன் பத்தாயிரத்திற்கும் மேல். கியோட்டோ உடன்பாட்டின் தூய வளர்ச்சி முறையின்கீழ், ஒரு கிலோ ஆர்-23 எரித்தால் 11.7 டன்னுக்கு வரவுச் சான்று கிட்டியது. குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் ஆலைகளும் சீன ஆலைகளும் இதில் பங்குபெற்றன. எரிக்கும் செலவு சிறிது, வரவோ பெரிது. விற்கும் பொருளைவிடக் கழிவே பொன்னாகும் நிலை வந்தது. கழிவுக்காகவே உற்பத்தி பெருகுமோ என்னும் ஐயமும், சில ஆலைகள் மீது குற்றச்சாட்டும் 2010-ஆம் ஆண்டளவில் எழுந்தன. 2013 மே முதல் அச்சான்றுகளை ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில், ஆலைகள் தம் செலவிலேயே ஆர்-23 வாயுவை எரித்தல் வேண்டும் என இந்திய அரசு பணித்தது.

எலியைப் பிடித்தால் காசு என்று அறிவித்த ஊரில் எலி வளர்ப்போர் தோன்றுவது இயற்கை. ஆர்-12 இவ்விடரினின்று நீங்கியது. அதன் உற்பத்தி உலகெங்கும் தடைசெய்யப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது குறையுமேயன்றிச் சட்டப்படி பெருகாது. ஆதலின் ஆர்-12 அழிப்பிற்குத் தரும் ஈடு நம்பத்தக்கது. ஆர்-22, ஆர்-134ஏ ஆகியவற்றின் உற்பத்தி இன்னும் முற்றும் ஒழியவில்லை. அவற்றுக்குச் சான்று வழங்குவோர், அவ்வாயு பழைய கருவியிலிருந்து இறக்கியதா, புதிய உருளையிலிருந்து வந்ததா என்பதை ஒவ்வொரு கிலோவிற்கும் ஆராய வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நம் பகுதியில் எஞ்சிய ஆர்-12 சிறிது. 2003-க்கு முற்பட்ட பெட்டிகளில் பல, பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டன. ஆனால் ஆர்-22 நம்மைச் சூழ்ந்தே உள்ளது. பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம், கல்லூரி அரங்கு ஆகியவற்றின் பழைய ஏ.சி. கருவிகளுள் பல அதனால் இயங்குபவை. 2025 ஜனவரி முதல் புதிய கருவிகளில் அதனைப் பயன்படுத்துவதை இந்தியா நிறுத்தியுள்ளது. ஆகவே வரும் ஆண்டுகளில் இப்பழைய கருவிகள் ஒவ்வொன்றாய்க் கழற்றப்படும். அந்நாளில் குழாயை நறுக்குவதா, வாயுவை உருளையில் இறக்குவதா என்பதே வினா.

நிருவாகப் பெரியோர் இதில் செய்யத்தக்கது பெரிதன்று. கருவியைக் கழற்றும் ஒப்பந்தத்தில் 'வாயுவை உருளையில் இறக்குதல் வேண்டும்' என ஒரு வரி சேர்த்து, அவ்வேலைக்குத் தனிக் கூலியும் தந்தால் போதும். பழைய கருவிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் பெட்டிகளையும் ஏ.சி. கருவிகளையும் உள்ளடக்கியுள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரியின் இயற்பியல் துறையும் இணைந்து, வாயு இறக்கும் பொறி ஒன்றை வாங்கிக் கடைக்காரர்களுக்குப் பொதுவில் வைக்கலாம். ஒருவரால் 150 கிராமை விற்க இயலாது. ஒரு வட்டத்துக் கடைகள் யாவும் ஓரிடத்தில் சேர்த்தால் அது எடை போடத்தக்க சரக்காகும். வெவ்வேறு வாயுக்களை ஒரே உருளையில் கலவாமல் வைத்தலும் வேண்டும். கலந்தவற்றை மீண்டும் பயன்படுத்தல் அரிது, அழிக்கவே நேரும்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. ஈடு வாங்குபவர் தம் புகையை நிறுத்துவதில்லை; பிறர் அடக்கிய புகையைக் காட்டித் தம் புகையைத் தொடர்கிறார். ஆதலின் ஈடு என்பது கடனை நேர்செய்வதேயன்றிப் புண்ணியம் ஆகாது. அக்கணக்கும் நேராக வேண்டுமாயின், குழாயைப் பிடித்த கைக்கு உரிய கூலி சேர வேண்டும். சான்றின் விலை பதிவகத்திலும் தரகரிடமும் தங்கிவிட்டால், குலசேகரத்துச் சீறொலி நிற்காது.

முடிவுரை

பேச்சிப்பாறை நீரைத் தேக்கக் கல்லும் சுண்ணமும் மட்டும் போதவில்லை. மதகைத் திறக்கும் ஆள், அளவுகோலைப் படிக்கும் ஆள், கடைமடை வரை கால்வாயைக் காக்கும் ஆள் ஆகிய அனைவர்க்கும் ஊதியம் அமைந்ததால்தான் நாஞ்சில் வயல்கள் விளைந்தன. கண்ணுக்குப் புலப்படாத வாயுவிற்கும் அத்தகைய அணை வேண்டும். அவ்வணையின் மதகு, சிற்றூர்க் கடையில் பழைய பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளியின் கையில் உள்ளது. "யாரு வாங்குவா?" என்னும் அவர் வினாவிற்கு, "நாங்கள் கூலி தருகிறோம், நீங்கள் பிடித்து வையுங்கள்" என்று நம் கல்லூரியும் ஊர்ப் பெரியோரும் விடை கூறும் நாள் விரைவில் வருதல் வேண்டும். அவ்விடையோடு மீண்டும் குலசேகரம் செல்ல விழைகிறோம்.