உடம்பு பெருக்காமல் பலம் கூட்ட

டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் இறங்கிய மீராபாய் சானு, 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். பலத்துக்குப் பருமன் கட்டாயமில்லை. தசை இழைகளை ஒரே நேரத்தில் முடுக்கிவிட நரம்புகள் பழக வேண்டும்.

அதற்கு எடை கூட வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ் ஆகியவற்றில் செட்டுக்கு 3 முதல் 5 தடவை போதும். புதியவர்கள் முதலில் லேசான எடையில் முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

செட்டுகளுக்கு நடுவே 3 முதல் 5 நிமிடம் உட்காருங்கள். ஜிம்மில் காத்திருப்பவர் ‘முடிஞ்சுதாண்ணே?’ என்று முறைப்பார், முறைக்கட்டும். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போனால் எடை ஏறாது.

இன்னும் ஒன்றிரண்டு தடவை முடியும் என்கிறபோதே பாரை வைத்துவிடுங்கள். முதுகு வளைய ஆரம்பித்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்தான்.

எடை ஏற்றும்போது பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டு, அவ்வளவே.

சாப்பாட்டைத் திடீரென்று கூட்டாதீர்கள், உடம்பு போட்டுவிடும். புரதம் மட்டும் குறையக் கூடாது. ரத்த அழுத்தமோ முதுகுவலியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கனமான எடையைத் தொடாதீர்கள்.